சீட்டில் வராத வாசகம்

அரக்கோணத்திலும் சுற்றுப்பக்கத்து ஊர்களிலும் உள்ள அன்பியக் குடும்பங்களுக்கு,



முப்பத்து மூன்று ஆண்டுகள் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என்னை ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் வாசகம் வாசிக்கிறவனாகத்தான் தெரியும். சில ஆண்டுகளாக ஒரு விஷயம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக் கூடியதல்ல. அதனால் மடலாக எழுதுகிறேன்.

டிசம்பர் 31 இரவு நமக்குப் பக்கத்தில் திருத்தணியில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மலைக்குப் போகும் படிகள் 365, ஆண்டின் நாள் ஒன்றுக்கு ஒரு படி. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த படித் திருவிழாவில், ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமமிட்டு, சூடம் ஏற்றி, திருப்புகழ் பாடியபடி மேலே போகிறார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் வருடம் தவறாமல் போகிறவர். ஒருமுறை கேட்டேன், இத்தனை படியிலும் நிற்க வேண்டுமா என்று. "ஒரு படியையும் தாண்டக் கூடாது சார். இது புடிச்ச படி, இது புடிக்காத படின்னு கிடையாது" என்றார்.

அதே இரவில் நாம் என்ன செய்கிறோம்? நள்ளிரவுப் பூசை முடிந்ததும் வாக்குத்தத்தச் சீட்டு எடுக்கிறோம். முன்பு நம்மிடம் அவ்வளவாக இல்லாத வழக்கம், இப்போது பல பங்குகளிலும் செபக் குழுக்களிலும் வீடுகளிலும் வந்துவிட்டது. தட்டில் சுருட்டி வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுத்துப் பிரித்தால் ஒரு வசனம் இருக்கும். ஆண்டு முழுக்க அதுதான் அலமாரிக் கண்ணாடியில், கைப்பேசித் திரையில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். எடுத்தவர்கள் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்தச் சீட்டிலும் நம்மைக் கண்டிக்கும் வசனம் இருக்காது. அழுகிறவனின் புலம்பல் இருக்காது. கூலி பாக்கி, கோள் சொல்லுதல், உடன்பிறந்தவனோடு சமாதானம் ஆகிறவரை காணிக்கையை வைத்துவிட்டுப் போகச் சொன்னது எதுவும் இருக்காது. நமக்கு வேண்டியதை மட்டும் ஒருவர் முன்கூட்டியே பொறுக்கி வைத்திருக்கிறார்.

அந்தப் பூசையில் வாசிக்கும் நற்செய்தியோ வேறொன்றைச் சொல்கிறது. சனவரி முதல் நாள் மரியா இறைவனின் தாய் பெருவிழா. லூக்கா இரண்டாம் அதிகாரத்திலிருந்து வாசிக்கிறோம். இடையர்கள் வந்து சொன்னதையெல்லாம் கேட்டு மரியா அவற்றை மனத்தில் வைத்துச் சிந்தித்துக் கொண்டிருந்தாள் என்று வருகிறது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று லூக்கா எழுதவில்லை. விளங்காததையும் பத்திரமாக வைத்துக்கொண்டாள். இறைவார்த்தையைக் கையாளும் முறையை அந்த நாளே நமக்குச் சொல்லித் தருகிறது. அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து சீட்டைப் பிரிக்கிறோம்.

எங்கள் வேலையில் காஷன் ஆர்டர் என்று ஒன்று உண்டு. ரயில்வேக் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டி எடுப்பதற்கு முன் எங்கள் கையில் ஒரு தாள் வரும். இன்றைக்கு நீ போகும் பாதையில் எந்தக் கிலோமீட்டரில் தண்டவாள வேலை நடக்கிறது, எங்கே முப்பதில் போக வேண்டும், எங்கே இருபதில் போக வேண்டும் என்று அதில் இருக்கும். படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி நகரும். நேற்றைய தாள் இன்றைக்கு உதவாது. அழகாக இருக்கிறதே என்று ஒருவரும் அதைச் சட்டம் போட்டு மாட்ட மாட்டார்கள். அன்றன்றைய வாசகத்தை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இன்றைய பாதையையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்து என் கைக்கு வருகின்றன.

இதை நான் கற்றுக்கொண்டது 2016 செப்டம்பரில். அந்த ஆண்டின் தொடக்கத்தில் நான் எடுத்த சீட்டில் நோய் அணுகாது என்ற பொருளில் ஒரு வசனம் இருந்தது. செப்டம்பர் கடைசியில் என் மனைவியை வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன். சர்க்கரை நோய் சிறுநீரகம் வரை போயிருந்தது. சீட்டு சட்டைப்பையில்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. 27-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பழக்கத்தில் அன்றைய வாசகத்தைத் திறந்தேன். யோபு நூல், மூன்றாம் அதிகாரம். தான் பிறந்த நாளையே சபிக்கிறான் யோபு. கருவிலேயே நான் ஏன் சாகவில்லை என்று கேட்கிறான். திருச்சபை இதை உலகம் முழுவதும் வாசக மேடையில் நின்று வாசிக்க வைத்திருக்கிறது. வாசித்து முடித்து, இது ஆண்டவரின் வாக்கு என்று அறிவிக்கவும் வைத்திருக்கிறது. என் வாயில் வராமல் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை வாசகமே எடுத்துச் சொன்னது. அன்றைக்குத்தான் அழுதேன். இரட்டைப்படை எண் ஆண்டுகளில் பொதுக்காலம் 26-ஆம் வாரம் முழுக்க யோபுதான். யார் எந்த மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியாமலேயே அட்டவணை போட்டவர்கள் அதை வைத்திருக்கிறார்கள்.

என் மனைவி வீட்டுக்குத் திரும்பினாள். ஆனால் கண்பார்வை குறைந்துவிட்டது. அதிலிருந்து தினமும் காலையில் நான் சத்தமாக வாசிக்கிறேன், அவள் கேட்கிறாள். சத்தமாக வாசிப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. எஞ்சினில் நானும் அசிஸ்டென்டும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். அவர் பச்சை என்பார், நான் பச்சை என்று திருப்பிச் சொல்வேன். இரண்டு பேர் கண்ணிலும் படுவதை ஏன் சொல்ல வேண்டும் என்று புதிதில் தோன்றும். கண் பார்த்ததை மனம் வாங்கியதா என்று சோதிக்கத்தான் அந்த விதி. பூசையில் வாசகர் ஒன்று சொல்ல நாம் பதில் சொல்வதை இப்போது நான் அந்த விதியோடு சேர்த்துத்தான் நினைக்கிறேன். பதில் சொல்கிறவன் வாங்கிக்கொண்டேன் என்கிறான்.

வாசக அமைப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நம் மறைக்கல்விப் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியவில்லை. என் அப்பா காலத்தில் பூசை வாசகங்கள் லத்தீனில். மறையுரைக்கு முன் நற்செய்தியைத் தமிழில் சொன்னால் உண்டு. ஒவ்வொரு வருடமும் அதே வாசகங்கள்தான் திரும்ப வரும், பழைய ஏற்பாடு அபூர்வம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாடு பற்றிய கொள்கை விளக்கத்தில் விவிலியத்தின் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறக்கச் சொன்னது. 1969-இல் புதிய வாசக அமைப்பு வந்தது. ஞாயிறுகளுக்கு மூன்று ஆண்டுச் சுற்று. ஆண்டை மூன்றால் வகுத்துப் பாருங்கள், மீதி ஒன்று என்றால் மத்தேயு, இரண்டு என்றால் மாற்கு, மீதியில்லை என்றால் லூக்கா. 2026 மத்தேயு ஆண்டு. யோவான் பெரும்பாலும் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் வருகிறார். பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகத்தை நற்செய்திக்கு இணையாகத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள், இரண்டாம் வாசகம் தன் போக்கில் தனியாக ஓடும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதி விளங்கிவிடும். தமிழில் நம் கையில் இருக்கும் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வந்தது, கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்தது. நம் அப்பன் பாட்டனுக்குக் கிடைக்காத விருந்து இது.

முதல் வாசகமும் நற்செய்தியும் இணை என்றேன். அதன் பலனை எனக்குக் காட்டியவள் என் மனைவி. லூக்கா ஆண்டு, 16-ஆம் ஞாயிறு. மார்த்தா சமையலில் அல்லாடுகிறாள், மரியா ஆண்டவரின் காலடியில் உட்கார்ந்து கேட்கிறாள், மரியாதான் நல்ல பங்கைத் தேர்ந்தாள் என்று வருகிற பகுதி. நான் வாசித்து முடித்ததும் அவள் கேட்டாள்: "அப்ப சோறு யாரு ஆக்கறதாம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. முதல் வாசகத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள். தொடக்கநூல் 18. மம்ரே மரத்தடியில் மூன்று விருந்தாளிகள். வெயில் நேரம். எழுந்து ஓடுகிறவர் ஆபிரகாம். கால் கழுவத் தண்ணீர், மாடுகள் இருக்கும் இடத்துக்கு ஓட்டம், கூடாரத்துக்குள் ஓட்டம். சாரா அப்பம் சுடுகிறாள், ஆனால் விருந்தாளிகளின் பக்கத்தில் நின்று பரிமாறுகிறவர் வீட்டுத் தலைவரே. "இங்க வேலை செஞ்சவரு ஆம்பளை, அங்க உக்காந்து கேட்டவ பொம்பளை. ரெண்டையும் சேத்து வாசிச்சா அர்த்தம் வேற மாதிரி இருக்குதே" என்றாள்.

இத்தனை வருடம் இந்தப் பகுதிக்கு எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன், இது என் காதில் விழுந்ததில்லை. நம் ஊரில் எத்தனை பெண்கள் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து ஆக்கி, டப்பா கட்டி, சென்னை லோக்கலைப் பிடித்து, திருவாலங்காடு, கடம்பத்தூர், திருவள்ளூர் என்று ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் போய் வேலை பார்த்துத் திரும்புகிறார்கள். அவர்களிடம் மார்த்தாவாக இராதே என்று சொல்வதற்கு முன், வீட்டு ஆண்கள் ஆபிரகாம் ஓடியதை வாசிக்க வேண்டும். அவர்கள் ஓடினால்தான் அந்தப் பெண் உட்கார முடியும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலைக் காபியும் இரவு தோசையும் என் பொறுப்பு.

இன்னொன்று என்னைக் கையும் களவுமாகப் பிடித்தது. மத்தேயு ஆண்டு, 25-ஆம் ஞாயிறு, திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள். இதை வாசிக்க நாம் பாலஸ்தீனம் வரை போக வேண்டாம். காலை ஏழு மணிக்கு நம் பஸ் நிலையப் பக்கம் வந்து பாருங்கள். கரண்டியும் மட்டப்பலகையுமாகக் கொத்தனார்கள், ஒயர்க் கூடையில் சோற்றோடு சித்தாள்கள். மேஸ்திரி வருவார், திடகாத்திரமானவர்களை முதலில் எடுப்பார். ஒன்பது மணிக்கு மேல் நிற்பவர்கள் யார்? வயதானவர், இருமுகிறவர், கைக்குழந்தைக்காரி, அன்றைக்குத்தான் ஆந்திராப் பக்கமிருந்து வந்து யாரையும் தெரியாதவர். உவமையில் ஐந்து மணிக்கும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று முதலாளி கேட்டபோது, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். சோம்பேறிகள் பேசும் பேச்சில்லை அது. ஒரு தெனாரியம் என்பது அன்றைய ஒரு நாள் கூலி, ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. அரைத் தெனாரியம் கொடுத்தால் வீட்டில் அரை வயிறு.

எங்கள் மாடியில் ஓர் அறை கட்டியபோது மதியம் மழை பிடித்துக்கொண்டது. நான்கு பேருக்கும் அரைக் கூலி கொடுத்து அனுப்பினேன். ஊர் வழக்கம்தான், யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு சித்தாள் மட்டும் பணத்தை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு இந்த நற்செய்தி. தோட்ட முதலாளியை நியாயமில்லாதவர் என்று முணுமுணுத்த முதல் ஆட்களின் பக்கம்தான் என் மனம் இத்தனை காலம் நின்றிருந்தது என்று அப்போது தெரிந்தது. திங்கட்கிழமை காலை பஸ் நிலையம் போனேன். மூன்று பேரைப் பார்த்து மீதியைக் கொடுத்தேன். அந்தச் சித்தாளை மட்டும் அதற்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை.

ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசு பற்றிய வாசகம், மாற்கு ஆண்டு, 32-ஆம் ஞாயிறு. இதற்கு நீண்ட வாசகம், குறுகிய வாசகம் என்று இரண்டு வடிவம் உண்டு. நேரம் கருதிக் குறுகியதையே பல இடங்களில் வாசிக்கிறார்கள், பிறகு காணிக்கை பற்றிப் பேசுகிறார்கள். நீண்டதை வாசித்துப் பாருங்கள். அதன் தொடக்கத்தில், நீண்ட அங்கி போட்டுக்கொண்டு சந்தையில் வணக்கம் எதிர்பார்க்கும் மறைநூல் அறிஞர்களை இயேசு சாடுகிறார். அவர்கள் கைம்பெண்களின் வீடுகளைச் சுரண்டுகிறவர்கள் என்கிறார். உடனே ஒரு கைம்பெண் வந்து தன் பிழைப்புக்கு இருந்ததையெல்லாம் போடுகிறாள். அடுத்த அதிகாரத்தில் அந்தக் கோயிலின் கல்மேல் கல் நிற்காது என்கிறார். அவர் அவளை மெச்சினார், சரி. அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் மேல் அவருக்கு இருந்த கோபத்தை வெட்டிவிட்டு மெச்சுதலை மட்டும் வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. குழுக்கடன் தவணைக்காக வாரா வாரம் வாசலில் ஆள் வந்து நிற்கிற பெண்கள் நம் அன்பியங்களிலேயே இருக்கிறார்கள். அந்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போய் எவ்வளவு பாக்கி என்று கேட்பதுதான் அந்த வாசகத்துக்கு நாம் செய்யும் மரியாதை.

நான் வாசித்ததிலேயே தொண்டை அடைத்தது ஓர் இரண்டாம் வாசகத்தில்தான். மாற்கு ஆண்டு, 23-ஆம் ஞாயிறு, யாக்கோபு திருமுகம் இரண்டாம் அதிகாரம். தொழுகைக் கூடத்துக்குப் பொன் மோதிரத்தோடு ஒருவர் வருகிறார், அழுக்குத் துணியோடு ஒருவர் வருகிறார். ஒருவருக்கு நல்ல இருக்கை, மற்றவருக்குத் தரை. இப்படிச் செய்தால் நீங்கள் வேறுபாடு காட்டுகிறீர்கள் என்கிறார் யாக்கோபு. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கன் இதை வாசிக்கும்போது எப்படி நிமிர்ந்து நிற்பான்? வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகத் தடுப்புச் சுவர் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதை இடித்தார்கள். கல்லறையில் இன்றும் பிரிவு பார்க்கும் ஊர்கள் இருக்கின்றன. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுப்பது அநியாயம் என்று நாம் ஊர்வலம் போகிறோம், நியாயமான ஊர்வலம். வீட்டுக்கு வந்து பெண் பார்க்கும்போது எந்தத் தெரு என்று கேட்கிறோம். அந்த ஞாயிறு நற்செய்தியில் இயேசு காது கேளாதவரின் காதைத் திறக்கிறார். இரண்டாம் வாசகம் நற்செய்தியோடு சேர்த்துத் தேர்ந்தது அல்ல என்று மேலே எழுதினேன். ஆனாலும் அந்த நாளில் அவை இரண்டும் அருகருகே வந்து நிற்பதை நான் மறக்க முடியாது.

அன்பியங்களில் நாம் பின்பற்றும் ஏழு படி விவிலியப் பகிர்வு முறைக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து வந்தது அது. அழைப்பது, வாசிப்பது, சொற்களைத் திரும்பச் சொல்வது, அமைதி, பகிர்வு, என்ன செய்யப் போகிறோம் என்று பேசுவது, செபம். நாம் நான்காம் படியின் அமைதியை அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். ஆறாம் படியைத் தாண்டியே போய்விடுகிறோம். ஐந்திலிருந்து ஏழுக்கு ஒரே தாவு, பிறகு டீ. என் பக்கத்து வீட்டுக்காரர் 365-இல் ஒன்றைத் தாண்டுவதில்லை. நாம் ஏழில் ஒன்றைத் தாண்டுகிறோம், அதுவும் நம் கை, கால், பணப்பை சம்பந்தப்பட்ட படியை.

இன்னொரு யோசனையும் சொல்கிறேன். எம்மாவுக்குப் போன இரண்டு பேர் நடந்த தூரம் அறுபது ஸ்தாதியம், சுமார் பதினொரு கிலோமீட்டர், அரக்கோணத்திலிருந்து திருத்தணி போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. வழியில் சேர்ந்துகொண்டவர் எடுத்த உடனே மறைநூலை விளக்கவில்லை. என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று முதலில் கேட்டார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தையெல்லாம் கொட்டி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டு நடந்தார். நம் கூட்டங்களையும் அப்படித் தொடங்கலாம். புத்தகத்தைத் திறக்கும் முன் இந்த வாரம் யாருக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். யாருக்கு வேலை போனது, யார் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் யாரோடு பேசுவதில்லை. பிறகு வாசியுங்கள். அந்த வாசகம் யாரிடம் போய் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

சீட்டு எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எடுத்ததை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு சனிக்கிழமை இரவு அடுத்த நாளுக்குரிய மூன்று வாசகங்களையும் பதிலுரைப் பாடலையும் வீட்டில் சத்தமாக, ஒரு வரியும் விடாமல் வாசியுங்கள். நீண்ட வடிவம் இருந்தால் நீண்டதையே. பள்ளிப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள், பெரியவர்கள் கேளுங்கள். டிவியை அணைத்துவிட்டு வாசித்தால் பதினைந்து நிமிடம்கூட ஆகாது. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: திங்கட்கிழமை இதனால் நான் செய்ய வேண்டியது என்ன? ஒன்றும் தோன்றவில்லையென்றால் பரவாயில்லை, மரியாவைப் போல வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாக இருப்பவர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள், கண் தெரியாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்குத் தொடங்குகிறோம். தோசை நான்தான் சுடுவேன்.

உங்கள் சகோதரன்,
ஓய்வு பெற்ற லோகோ பைலட் ஒருவன்
அரக்கோணம்